மேகம் உழுத காளை

1958-ஆம் வருடம் ஐப்பசியில், திண்டுக்கல் பேகம்பூர் அப்துல் ஜப்பாரின் பெயர் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி வந்தது. அதற்கு முன்னால் அவர் பெயர் அச்சானது தன் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதிலும் எழுத்துப் பிழை.

வந்தது ஒரு பாட்டு. வானத்தில் ஒரு வெள்ளைக் காளை தன்னந்தனியாக ஏர் இழுத்து மேகத்தை உழுவதாகவும், உழுத சாலில் நட்சத்திரம் முளைப்பதாகவும் நாற்பது வரி. அதில் ஊரே முணுமுணுத்த நாலு வரி இது:

மேகத்துக் கட்டிகளை மிதித்துடைத்துப் போகுதடி
மின்னல் கொழுமுனையால் மேற்கெல்லாம் உழுகுதடி
இடத்தொடையில் வட்டம்மூன்று இடையிலொரு கோணற்கோடு
எந்தஊர்க் காளையடி இத்தனைமேல் ஏறியது?

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது. ஏர் பிடித்து அறியாத மனுஷனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கறிக்கடை அக்பர் அலி, "அது பித்தம்ணே, சுக்குத் தண்ணி குடிங்க" என்றார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர், அது மேலேயிருந்து இறங்கியது, அதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்றார். மனைவி ஜெய்தூன் பீவி, "அன்னிக்கு ராத்திரி மாங்கா ஊறுகாயை வழிச்சு வழிச்சுத் தின்னுட்டுப் படுத்தாக, அதான்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஜப்பாருக்கே அது தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. பெருமை இருக்கத்தான் செய்தது, யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அதைவிடப் பெரிதாக அந்தக் கேள்வி அவரை அரித்தது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது முதல் வரி வந்தது. மற்றது பின்னாலேயே வந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அதே இடத்தில் அதே செருப்பைப் பத்துத் தரம் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஊறுகாயும் தின்று பார்த்தார். வயிறுதான் கெட்டது. கடைசியில், "எல்லாம் என் மனசுல தானா உதிச்சது" என்று சொல்லிக்கொள்ளப் பழகினார். சொல்லச் சொல்ல அதுவும் ருசியாகத்தான் இருந்தது.

அவருக்குத் தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, பதமாகிக் காய்ந்து வரும் மாட்டுத் தோலை மேசையில் விரித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று சொல்லவேண்டும். வெளிச்சத்தை நம்பாதே, விரலை நம்பு என்று அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தவர் ஜப்பார் ஒருவர்தான். உண்ணி கடித்த துளை, முள் கிழித்த கோடு, ஓட்டுகிறவன் தார்க்குச்சியால் குத்திய புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாவற்றையும் தடவிச் சொல்லிவிட்டு அடுத்த தோலை இழுப்பார். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது தோல். எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்வது?

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கண்டாங்கிச் சேலை, கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய்.

"மாட்டுப் பாட்டு எழுதுன பாய் வீடு இதுங்களா?"

ஜப்பாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிராமத்திலிருந்துகூட ரசிகர்கள் வருகிறார்களே என்று நினைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அதில் உட்காராமல் நிலைப்படியோரம் உட்கார்ந்துகொண்டாள்.

பெயர் ராமுத்தாய். செம்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டம். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அங்கே ஒரு கடைக்காரர் பத்திரிகையைப் பார்த்து இந்தப் பாட்டை ராகம் போட்டுப் படித்திருக்கிறார். இவள் அந்தப் பக்கத்தைக் கெஞ்சிக் கிழித்து வாங்கிக்கொண்டு, பாட்டுக்குக் கீழே திண்டுக்கல் என்று போட்டிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வழியெல்லாம் விசாரித்து வந்திருக்கிறாள்.

"அது எங்க காளைங்க," என்றாள். "எங்க பாத்தீங்க? எந்தச் சந்தையில?"

ஜப்பார் சிரித்தார். "அக்கா, அது பாட்டு. கற்பனை. நான் எந்த மாட்டையும் பாக்கல."

"மூணு வட்டச் சூடு எங்க ஊரு மாட்டுக்கெல்லாம் உண்டு. கோணக் கோடு எங்க காளைக்கு மட்டுந்தான். சூடு போடையில அது துள்ளி, எங்க வீட்டுக்காரர் கை இழுத்துக்கிருச்சு. இடது தொடையில. வெள்ளை மாடு. கற்பனையில அம்புட்டும் வருமா பாயி?"

சிரிப்பு ஜப்பாரின் முகத்திலேயே நின்றுபோயிற்று.

அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியலில் கயிறு கிடந்தது, காளையைக் காணோம். அதன் ஜோடி இன்னும் தொழுவத்தில் ஒற்றையாக நிற்கிறது. வேறு மாடு பிடித்து ஜோடி சேர்க்கலாம் என்று புருஷன் தலைபாடாக அடித்துக்கொள்கிறார். இவள் விடவில்லை. காளை உயிரோடு எங்கோ இருக்கிறது, திரும்பி வந்தால் தன் இடத்தில் வேறு மாடு நிற்பதைப் பார்த்து என்ன நினைக்கும் என்பது இவள் கட்சி. உழவுக்கு இரவல் மாடு கேட்டு மூன்று வருஷமாக ஊரெல்லாம் பேச்சு வாங்குகிறாள்.

"இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னும் பத்து வருசம்னாலும் காத்துக்கிருப்பேன். பாட்டுல வராத அடையாளம் ஒண்ணு இருக்கு. அதச் சொல்லிட்டீகன்னா நீங்க பாத்தது நெசந்தான்னு நம்பிக்கிறேன்."

உள்ளே கதவோரம் நின்ற ஜெய்தூன் பீவி கையை ஆட்டினாள். தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று அர்த்தம். அதுதான் புத்திசாலித்தனம். ராமுத்தாயும் நம்பிக்கையோடு ஊர் போய்ச் சேருவாள், இவருடைய பாட்டும் இவருடைய மனதில் தானாக உதித்ததாகவே இருக்கும். ஆனால் ஒரு மாதமாக அரித்த கேள்விக்குப் பதில் நிலைப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜப்பாரால் எப்படி முடியும்? மடியில் கிடந்த துண்டை விரித்தார். கண்ணை மூடினார்.

விரல் தானாகவே நகர்ந்தது. தொடையில் மூன்று வட்டம், கோணல் கோடு. அங்கிருந்து மேலே ஏறி, முதுகைத் தாண்டி, வலப்பக்கம் இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"வலது விலாவுல பிறை மாதிரி ஒரு வடு," என்றார் ஜப்பார். "தையல் போட்டது. அஞ்சு தையல். கடைசித் தையல் மட்டும் தள்ளி விழுந்திருக்கு."

கண்ணைத் திறந்தார். ராமுத்தாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டின்மேல் இருந்த அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலிக்கம்பி கிழிச்சது. கோணி ஊசியால நாந்தான் தச்சேன்," என்றாள் மெதுவாக. பிறகு, "பாயி, உங்களுக்கு என்ன வேலை?"

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. பொய் சொல்ல நேரமும் கடந்துவிட்டது.

"தோல் ஷாப்புல, அக்கா."

அவள் அழுதாள். சத்தம் போட்டு, முந்தானையைக்கூட முகத்துக்குக் கொண்டுபோகாமல், ஒரு பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதாள். ஜெய்தூன் பீவி தண்ணீர்ச் செம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, புருஷனைப் பார்த்த பார்வையில் ஜப்பார் சாம்பலாகியிருக்க வேண்டும். அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சூட்டுத் தழும்பு உள்ள தோலை மூன்றாம் தரம் என்று ஒதுக்கித் தள்ளியதும் தான்தான் என்பது அப்போது ஞாபகம் வந்தது. அதை அவர் சொல்லவில்லை.

அழுகை அடங்கியதும் அவள் கேட்டாள், "வெட்டுனாகளா?"

"இல்லக்கா." இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "தானாச் செத்த மாட்டுத் தோல்ல ரத்த நரம்பு கொடி ஓடின மாதிரி தெரியும். இதுல தெரிஞ்சுச்சு. கத்தி படல."

"வேலை வாங்கிக் கொன்னுட்டாகளோ?"

ஜப்பார் மறுபடி கண்ணை மூடினார். இந்தத் தடவை தனக்காக இல்லை. விரல்கள் துண்டின் தலைமாட்டில் வெகுநேரம் தடவின.

"கழுத்துக் காய்ப்பு இளகிக் கெடந்துச்சு. கடைசியா ரொம்ப மாசம் நுகத்தடி ஏறல. யாரோ சும்மா கட்டிப்போட்டுத் தீனி வச்சிருக்காக."

ராமுத்தாய் மூக்கைச் சிந்தினாள். முகத்தைத் துடைத்தாள். மடியிலிருந்து அந்தப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். குரலில் இப்போது கோபம் இருந்தது.

"அப்ப நீங்க ஏன் பாயி அத மேல கொண்டுபோயி உழுக விட்டீங்க? எங்ககிட்ட பன்னெண்டு வருசம் உழுதுச்சு. திருடிட்டுப் போனவனே அதச் சும்மா நிக்க விட்டுருக்கான். செத்துப் போயுமா உழுகணும்? அவுத்து விடுங்க."

மின்னல் கொழுமுனை என்ற இடத்தைத்தான் பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டுப் பாராட்டியிருந்தார். ஜப்பார் அதைச் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். எழுந்து போய்ப் பென்சிலைத் தேடி எடுத்து வந்தார். தரையில் உட்கார்ந்து, அச்சான பாட்டுக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் எழுதி வாய்விட்டுப் படித்தார்.

ஏரவிழ்த்துப் போட்டாச்சு நுகத்தடியும் இறக்கியாச்சு
எவர்பிடிக்கும் கயிறுமில்லை இனிஉனக்குக் காடெல்லாம்

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"தண்ணி?"

"என்னக்கா?"

"ஏரை அவுத்ததும் நேரா தொட்டியில ஊத்தி வச்ச கழனித் தண்ணிக்குத்தான் வரும். அத வைக்காம காட்டுக்குப் போன்னா எப்படிப் போகும்?"

ஜப்பார் இன்னொரு வரி எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். தொட்டி நிறைய வேண்டும் என்றாள். அதையும் சேர்த்தார்.

ராமுத்தாய் காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். கத்தரிக்காயை ஜெய்தூன் பீவியின் பக்கம் தள்ளினாள். வருகிற சந்தையில் மாடு பிடிக்கப் போவதாகச் சொன்னாள். பிறகு செம்பட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.