அத்தைக்குப் பக்கத்தில் ஓர் இடம்

சிதம்பரத்தில் டயாலிசிஸ் முடியக் காத்திருந்த ஒரு மத்தியானம், என் செல்போனில் தெரிந்த புகைபோக்கியை மாமா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரோமில் புதிய போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடியிருந்தார்கள். வந்தது கரும்புகை. இன்னும் யாருக்கும் போதிய வாக்கு விழவில்லை என்று நர்சுக்கு அவரே விளக்கினார்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாங்கள் காலனிக்காரர்கள்; அவர் கட்டிக்கொண்ட அத்தை ஊர்த்தெருப் பெண். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலில் எல்லோருக்கும் ஒரே பீடம்தான். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே ஒரு சுவர். அத்தை இறந்தபோது அவளுடைய அண்ணன்மார் வந்து தங்கள் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மாமா தடுக்கவில்லை. தன் காலம் முடிந்ததும் அவளுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பங்குச் சாமியார் அதை ஊர்த்தெருவின் கல்லறைக் கமிட்டியில் வைத்தார். கூடாது என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். சிலர் மட்டும் மாமாவின் முகத்தைப் பார்க்காமல், தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அதற்குப் பிறகு வாழ்ந்தார்.

“அங்க கதவ சாத்திக்கிட்டு சீட்டுல எழுதிப் போடுறாங்க பாரும்மா,” என்றார் அன்று. “யாரு எழுதினதுன்னு வெளியில தெரியாது. சீட்டையும் எரிச்சிடுறாங்க. நம்மூர்லயும் அப்படி வச்சிருந்தா நாலு பேராச்சும் எனக்கு எழுதியிருப்பாங்க. எல்லாரும் பாக்க கை தூக்கச் சொன்னா எவன் தூக்காம இருப்பான்? அவனும் அந்தத் தெருவுல பொழைக்கணும்ல.”

வெள்ளைப்புகை வந்ததும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தார். சாமியார் இளைஞர், நல்லவர். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு கமிட்டியைக் கூட்டிச் சீட்டு கொடுத்தார். மாமாவால் நிற்க முடியவில்லை என்பதால் அவரை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் கோயில் வாசலில் நின்றேன். வெளியே வந்த சாமியார், எல்லாச் சீட்டிலும் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது என்று என்னிடம் மெல்லச் சொன்னார். ஆட்டோ வரைக்கும் வர அவருக்குத் தைரியம் வரவில்லை.

நான் போய்ச் சொன்னேன்.

“எழுதாத வெறும் சீட்டாவது ஒன்னு இருந்துச்சா?”

“இல்ல மாமா.”

“கை தூக்குனப்ப, தெருவுக்குப் பயந்துதான் தூக்குறாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சிக்கிட்டே போய்ச் சேந்திருக்கலாம்.”

அதன் பிறகு அவர் டயாலிசிஸுக்குச் சிதம்பரம் வர மறுத்துவிட்டார். மஞ்சக்குப்பத்தில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு நான் வண்டியோடு போய் நின்றேன், அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. அந்த மாதமே போய்விட்டார். எங்கள் பக்கத்தில்தான் அடக்கம் செய்தோம். கமிட்டிக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். தலை குனிந்து ஜெபம் சொன்னார்கள். ஆளுக்கொரு கைப்பிடி மண் அள்ளிப் போட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். அது பொய் அழுகை இல்லை.