பள்ளிக்கு ஒரு தடுப்பூசிச் சான்று

தடுப்பூசி அட்டை தொலைந்தால், பதிவேட்டைப் பார்த்துக் காலதாமதமின்றி நகல் தர வேண்டும் என்பது விதி. அந்த விதியை நம்பி, தை மாதத்தில் கோவையில் ஒரு சுகாதார நிலையத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஒரு தாய். ஒடிசலான பெண். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தாவான என்னிடம் பேசும்போது, நடுநடுவே மடியிலிருந்த மகளின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பார். பிள்ளைக்கு இழுப்பு. கணவர் துபாயில். சித்திரையில் அங்கே பள்ளியில் சேர்க்கச் சான்று வேண்டும்.

“அங்க புழுதிக் காத்துங்க, இழுப்பு சாஸ்தியாகும்னு டாக்டர் சொல்றாருங்க. ஆனா அப்பங்கூட இருப்பா, நாலு பாசை பேசுவா, நாலு நாட்டுப் பிள்ளைகளோட பழகுவா.”

“நீங்க என்ன முடிவு பண்ணுனீங்க அம்மணி?”

“கோயில்ல பூக்கேட்டனுங்க. போகலாம்னு வெள்ளைப் பூ வந்துச்சு. மனசு கேக்கலீங்க. சான்று நேரத்துக்கு வந்தா போறது, வராட்டி இருக்கறதுன்னு விட்டுப்போட்டேன்.”

சாமியின் வாக்குக்கு மேல் அலுவலகத்தின் வாக்கை நம்பியவரை என் சர்வீஸில் பார்த்ததில்லை. மனுவை நானே எழுதினேன். அவர் வீடு மாறவிருந்ததால் பதிலுக்கு என் முகவரியைக் கொடுத்தேன்.

பங்குனி முழுக்கப் போனில் விசாரித்தார். ஆனியில் நானே கூப்பிட்டேன். “இங்கயே சேத்திப்போட்டனுங்க” என்றார். நிம்மதியா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை.

பதில் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் வந்தது.