நான் வீட்டுக்கு அனுப்பிய அதிபர்

தாராவியில் நானும் மச்சினனும் நடத்தும் பட்டறையில் தோல் கைப்பைகளைப் பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்திருந்தோம். வாங்கவேண்டியவர் கடல் கடந்த தேசத்தில் இருந்தார். அந்தத் தேசத்து அதிபர் இறக்குமதி வரியை ஏற்றப்போவதாக மிரட்டிக்கொண்டிருந்தார். "அது முடிவாகாம சரக்கை அனுப்பாதே" என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் பட்டறையை மூடவேண்டியதுதான். ஆகவே அந்த அதிபர் அங்கே இருமினால் நான் இங்கே செம்பூர் வீட்டில் கஷாயம் காய்ச்சுவேன்.

ஒரு நாள் காலை தமிழ்ப் பத்திரிகையில், 'பயம் வேண்டாம்: அதிபர் உறுதி' என்று போட்டிருந்தது. அதுவரை இல்லாத அளவுக்குப் பயம் அப்போதுதான் வந்தது. டாக்டர் தோளைத் தட்டி ஒன்றுமில்லை என்று சொன்னால் உயில் எழுதப் பேனா தேடுகிற ரகம் நான்.

பட்டறைக்குப் போகும் லோக்கல் ரயிலில் எதிரே நின்றவர் ஒரு ஹிந்திப் பேப்பரை நாலாக மடித்துப் பிடித்திருந்தார். அதிபரின் படமும் பாதித் தலைப்பும்தான் தெரிந்தன. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ராஜிநாமா ஜல்த்.' ராஜினாமா சீக்கிரம்! தமிழிலும் ராஜினாமா, மராத்தியிலும் ராஜினாமா. ஹிந்தியில் மட்டும் வேறாகவா இருக்கும்? பயம் வேண்டாம் என்றது கிளம்புகிறவர் சொல்லும் ஆறுதல். பக்கத்தில் ஒருவர், ஷேர் மார்க்கெட் ஏறிவிட்டதாகப் போனில் கூவினார். ஆள் தொலைவதில் மார்க்கெட்டுக்கே இவ்வளவு சந்தோஷம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

என் போனில் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம். பயந்தவன் தேடமாட்டான், கூப்பிடுவான். சயான் ஸ்டேஷனில் இறங்கியதும் வாங்குகிறவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். "சார், உங்க அதிபர் போறாரு. அடுத்த ஆள் வந்து வரியைப் போடறதுக்குள்ள சரக்கை எடுத்துக்குங்க."

"போறானா?"

அங்கே ஒரு கூச்சல். மனைவியையும் எழுப்பினார். பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டது. "இன்னைக்கே அனுப்பு! எல்லாத்தையும் அனுப்பு!"

பட்டறைக்கு ஓடி, டெம்போவை வரவழைத்து, பெட்டிகளை ஏற்றி அனுப்பிய பிறகுதான் மச்சினனுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவன் தாராவியில் பிறந்து ஹிந்தியில் படித்தவன். வாய் மட்டும் திருநெல்வேலி.

"எந்தப் பேப்பர்ல அத்தான் பாத்திய?"

"ஹிந்திப் பேப்பர்ல."

தலையில் அடித்துக்கொண்டான். "சாக்கடைத் தகராறுல பக்கத்துப் பட்டறை யூ.பி.காரன்கூட போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டியள்லா, அது என்னது?"

"சமாதானம்."

"அவன் பாஷையில அதுக்குப் பேருதான் ராஜிநாமா. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு நீங்க என்ன பட்டறைய விட்டா போயிட்டிய?"

தன் போனில் செய்தியைத் தேடிக் காட்டினான். ஆக, அதிபர் எங்கும் போகவில்லை. நம் நாட்டோடு சீக்கிரம் உடன்பாடு வரும், வரி ஏறாது என்று உறுதி சொல்லியிருக்கிறார். மார்க்கெட் குதித்தது அதற்காக. உலகத்தில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியவன் நான் ஒருவன்தான்.

டெம்போவைத் திருப்பச் சொல்வதற்குள் போன் அடித்தது. வாங்குகிறவர்.

"டிவியைப் போட்டேன். அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கான்!"

மென்று விழுங்கி விளக்கினேன். "மன்னிச்சுக்குங்க சார். ஆனா வரி ஏறாதுன்னு உறுதி குடுத்திருக்காரு."

"யாரு, அவனா? நீ அதை நம்பறியா?"

தொழிலுக்காகவாவது ஆமாம் என்றிருக்கவேண்டும். வாய் முந்திக்கொண்டது. "இல்ல சார்."

"நானும் நம்பலை. சரக்கு எங்கே?"

"டெம்போல. துறைமுகத்துக்குப் போயிட்டிருக்கு."

"நிறுத்தாதே. அவன் பேச்சை மாத்தறதுக்குள்ள இங்கே வந்து சேரணும்."

நான் போனை வைப்பதற்குள் மச்சினன் டெம்போ டிரைவரைக் கூப்பிட்டு, சாயாவுக்குக்கூட எங்கும் நிற்கக் கூடாது என்று ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தான்.