இரண்டாம் இடத்து வெங்கடநாராயணன்

சமையலறை ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டு, தூறல் விழுகிறதா என்று பார்ப்பவரைப் போல வெங்கடநாராயணன் கையை வெளியே நீட்டுகிறார். அவர் பார்ப்பது தூறலை அல்ல, குளிரை. இன்னும் போதாது. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, மங்கி குல்லாவைக் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி கீழே இறக்கிவிட்டு, மேடைமேல் கிடக்கும் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருகிறார். ஜனவரி மாதத்தில் ஆபீஸ் போகிற நாளானாலும் சரி, லீவு நாளானாலும் சரி, அவருக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது.

குளிர் விஷயத்தில் கொல்கத்தா முழுக்க ஒரு கட்சி, இவர் தனிக்கட்சி. லேக் கார்டன்ஸில் அவர் குடியிருக்கும் கட்டடத்தில் நவம்பர் கடைசியிலேயே எல்லா ஜன்னல்களும் சாத்தப்பட்டுவிடும். எதிர் ஃப்ளாட் ஷிப்ரா பௌதி, நம் ஊர்க் கணக்கில் அண்ணி, பால் பாக்கெட் எடுக்கக்கூடச் சால்வை இல்லாமல் வாசலுக்கு வருவதில்லை. "வெங்கட்தா, டாண்டா லேகே ஜாபே," என்று படியில் பார்க்கும்போதெல்லாம் எச்சரிப்பாள். சளி பிடித்துக்கொள்ளும் என்கிற கவலை அவளுக்கு. இன்னும் இரண்டு டிகிரி குறைந்தால் தேவலை என்று இவர் பெங்காலியில் பதில் சொல்லிவிட்டுப் போவார். அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

மெஷின் என்று அவர் சொல்வது ஒரு பழைய நெட்புக். பாம்புப் பஞ்சாங்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மகள் ஹம்சினிக்கு அவள் பதினோராம் வகுப்பு படிக்கும்போது வாங்கிக் கொடுத்தது. பேட்டரி நிறைய நேரம் நிற்க வேண்டும், சூடாகக் கூடாது என்பதற்காக மெதுவாக ஓடுவதற்கென்றே செய்த சில்லு அதற்குள். அது தன் கடமையைத் தவறாமல் செய்தது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு ஹம்சினி போய்த் தலை பின்னிக்கொண்டு வருவாள். இரண்டு வருஷம் அதனிடம் பொறுமையைக் கற்றுக்கொண்டு, மேற்படிப்புக்குப் புனே கிளம்பும்போது அதை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

தூக்கிப் போடலாம் என்றுதான் வெங்கடநாராயணன் அதைக் கையில் எடுத்தார். போடுவதற்கு முன்னால் இணையத்தில் எதையோ தேடப்போக, வேறு எதையோ படித்துவிட்டார். நெட்புக்குக்குள் பெரிய சில்லுக்குத் தாளம் போடுவதற்கென்று ஒரு குட்டிச் சில்லு உண்டு. அந்தத் தாளத்தைத் துரிதப்படுத்த ஒரு மென்பொருள் இருக்கிறது. தாளம் ஏறினால் பெரிய சில்லும் கூடவே ஓடித்தான் ஆகவேண்டும். ஓடினால் சூடேறும், சூடு மிஞ்சினால் அப்படியே உறைந்து நின்றுவிடும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருபத்தைந்து வருஷமாகக் கோப்புகள் நகரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, ஒன்றை நெருக்கினால் அது நிஜமாகவே வேகமாகப் போகும் என்ற செய்தி என்னவோ செய்துவிட்டது.

அன்றிலிருந்து நெட்புக்குக்கு முழு உருவம் இல்லை. அடிமூடியைக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து சூடு பண்ணுகிறது என்று பேட்டரியைக் கழற்றினார். மெமரியை இரட்டிப்பாக்கினார். உள்ளே ஓடும் மென்பொருளில் அவசியமில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்து, கடைசியில் திரையில் கடிகாரம்கூட இல்லை. சாந்தினி மார்க்கெட்டில் பெரிய கம்ப்யூட்டரின் மின்விசிறி ஒன்றைத் தேடிப் பிடித்து, பூக்கட்டும் நூலால் அதன் முதுகில் கட்டினார்.

சில்லின் சூட்டை வெளியே இழுக்க நடுவில் ஒரு தாமிரத் தகடு வேண்டியிருந்தது. மெல்லிசாக, சுத்தமான தாமிரமாக. சாந்தினியில் காட்டிய தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கலப்படம் என்று வந்துவிட்டார். அடுத்த நாள் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தபோது கண் பஞ்சபாத்திரத்தின் கீழ் இருக்கும் தட்டில் விழுந்தது. தகரம் வெட்டும் கத்தரியால் ஓரத்தில் ஒரு சதுரம் எடுத்துவிட்டார்.

"பெருமாள் தட்டை வெட்டி கம்ப்யூட்டருக்குள்ள வெச்சுட்டேளா?" என்றாள் மனைவி பாகீரதி.

"தட்டு இருக்கே. ஓரத்துல கொஞ்சம்தான் எடுத்தேன்."

"உங்கப்பா குடுத்த தட்டு."

"அதான் சுத்தமா இருக்கு."

பாகீரதி இரண்டு நாள் பேசவில்லை. மெஷினின் வேகம் அந்த இரண்டு நாளில் நன்றாக ஏறியது. ஓரம் வெட்டுப்பட்ட தட்டில்தான் இன்றைக்கும் அவருடைய அர்க்கியம் நடக்கிறது.

அப்பாவின் மனப்போக்குத் தெரியாமல் ஹம்சினி போன தீபாவளிக்குப் புது லேப்டாப் ஒன்று வாங்கி அனுப்பினாள். நல்ல மெஷின். நெட்புக் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலையை அது கேட்ட மாத்திரத்தில் செய்துவிடும். வெங்கடநாராயணனுக்கு அதில் ஒரு சுவாரசியமும் இல்லை. "அது வேகமாப் போறதுல என்ன இருக்கு? அப்படிப் போறதுக்குன்னே பண்ணியிருக்கான்," என்பார். நெட்புக் உலக அளவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க மட்டும் லேப்டாப்பைத் திறப்பார்.

ஆபீஸ் நண்பர் செந்தில்நாதன் பெஹாலாவிலிருந்து ஒருநாள் காபிக்கு வந்தவர், இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக விசாரித்தார்.

"இதுல என்ன சார் பண்றீங்க?"

"வேகமா ஓட்டறேன்."

"சரி, ஓட்டி?"

"இன்னும் வேகமா ஓட்டறேன்."

செந்தில்நாதன் காபியைக் குடித்து முடித்தார். பாகீரதி உள்ளேயிருந்து, "நானும் நாலு வருஷமா அதைத்தான் கேக்கறேன், உங்களுக்காவது பதில் சொன்னாரே," என்றாள்.

உண்மையான பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்ல வெங்கடநாராயணனுக்குக் கூச்சம். இதே சில்லை வைத்துக்கொண்டு இதே பைத்தியத்தில் இருப்பவர்கள் உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பட்டியல். எல்லாரும் ஒரே நீளமான கணக்கைத் தங்கள் மெஷினிடம் கொடுப்பார்கள், யாருடையது முதலில் முடிக்கிறதோ அவர் மேலே. முடிந்ததும் அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளே உண்டாக்கும் கோப்பைச் சேமித்து அனுப்ப வேண்டும். திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாது. நாலு குளிர்காலமாக வெங்கடநாராயணன் அதில் இரண்டாம் இடம். பெயருக்குப் பக்கத்தில் கொல்கத்தா என்று போட்டிருக்கும். முதல் இடத்தில் ஒரு ஃபின்லாந்துக்காரன்.

ஃபின்லாந்துக்காரன்மேல் அவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். அவன் தன் நெட்புக்கைப் பால்கனியில் பனிக்கட்டிமேல் வைத்திருக்கும் படத்தைப் போட்டிருந்தான். "அவனுக்கென்ன, கதவைத் திறந்து வெளியில வெச்சா ஆச்சு. அவன் மே மாசம் இங்க வந்து ஓட்டிக் காட்டட்டுமே," என்று பாகீரதியிடம் சொல்வார். மே மாதத்தில் நெட்புக் பழைய வேகத்தைத் தாண்டினாலே உறைந்துவிடும். அக்டோபர் பூஜைக்குள் கொஞ்சம் தேறும். உச்ச வேகம் என்பது டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய. அதிலும் வடக்குக் காற்று உள்ளே வருவது சமையலறை ஜன்னலில் மட்டும். அதனால்தான் மேடை.

மேடையில் இருப்பது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். சண்டையெல்லாம் அங்கேதான். நீட்டு வயர் போட்டால் மின்சாரம் தளர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. எட்டு மணி வரைக்கும் ப்ளக் அவருக்கு, எட்டு அடித்தால் மிக்ஸிக்கு என்று ஒரு உடன்படிக்கை உண்டு. எட்டானதும் பாகீரதி வருவாள், திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள், நெட்புக்கின் ப்ளக்கைப் பிடுங்கி மிக்ஸியினுடையதைச் சொருகுவாள். பேட்டரி இல்லாத மெஷின் அந்தக் கணமே அணைந்துபோகும். இப்படித் தேங்காய்ச் சட்னியிடம் அவர் தோற்ற கணக்குகள் நிறைய. எட்டு மணி என்று ஒத்துக்கொண்டது தானே என்பதால் வாயைத் திறக்கமாட்டார்.

இன்னொரு தகராறு இட்லி மாவு. மாவுக்கு வேண்டியது வெதுவெதுப்பு, மெஷினுக்கு வேண்டியது குளிர், இருப்பது ஒரு சமையலறை. "ஜன்னலைச் சாத்துங்கோ, மாவு பொங்கவே மாட்டேங்கறது," என்று முதல் வருஷம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் வருஷம் மின்விசிறி வெளியே தள்ளும் காற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மாவுத் தூக்கைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். "எதுக்காவது உதவட்டும்," என்றாள். அதுமுதல் மாவு ஓரளவு பொங்குகிறது.

இந்த வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் பட்டியலை நடத்துகிறவர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். சில்லு மிகவும் பழையதாகிவிட்டது, இந்த மாதக் கடைசியோடு பட்டியல் மூடப்படும், அதற்கப்புறம் இருக்கிற வரிசை அப்படியே இருக்கும் என்று. வெங்கடநாராயணன் அதை லேப்டாப்பில் இரண்டு தரம் படித்தார். இந்த ஜனவரிக்குள் முதலாவதாக வராவிட்டால் அவர் காலத்துக்கும் இரண்டாம் இடம். அதைப் பாகீரதியிடம் மட்டும் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "சரி," என்றாள்.

குளிர் அவரைச் சோதித்தது. பொங்கல் வரைக்கும் ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாத ஜனவரியாக இருந்தது. ஊரில் எல்லாரும் இந்த வருஷம் குளிரே இல்லை என்று லேசான முகத்தோடு சொன்னார்கள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் வடக்கே எங்கோ பனி பெய்து, ஓர் இரவில் காற்று திரும்பியது. காலையில் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை விறைத்தது. ஷிப்ரா பௌதி வீட்டில் வாசல் கதவின் அடி இடுக்கில் துணி அடைத்திருந்தார்கள்.

வெங்கடநாராயணன் ஜன்னலை விரியத் திறந்தார். மாவுத் தூக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். தாளத்தை இதுவரை போகாத இடத்துக்கு ஏற்றிவிட்டுக் கணக்கைக் கொடுத்தார். முதல் தடவை பாதியில் உறைந்தது. ஒரு படி குறைத்தார். மறுபடி உறைந்தது. மின்விசிறியின் கட்டை இறுக்கி, ஸ்டூலை நகர்த்தி, தன் உடம்புச் சூடுகூடப் படாத தூரத்தில் தள்ளி நின்று கொடுத்தார். இந்தத் தடவை ஓடியது. திரையில் எண்கள் வரிசையாக இறங்கின. அவர் குல்லாவுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

கணக்கு முடிந்து நேரம் திரையில் விழுந்தது. ஃபின்லாந்துக்காரனைவிட அரை நொடி குறைவு.

சேமிப்பதற்காகக் கை போயிற்று. அம்புக்குறி நகரவில்லை. சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். மெஷின் கணக்கைச் செய்து முடித்துவிட்டு, பதிலைக் காட்டிவிட்டு, அப்படியே உறைந்துவிட்டது. அந்த எண் திரையில் இருக்கிறது. கோப்பாக எங்கும் இறங்கவில்லை. அணைத்தால் போய்விடும். திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முதலில் அணைத்துத்தான் ஆகவேண்டும். இதே போல இன்னொரு தரம் ஓடுமா என்று அவருக்கு நம்பிக்கை இல்லை. தாமிரத் தகட்டுப் பக்கம் கருகிய வாசனை வந்துகொண்டிருந்தது.

எட்டு அடித்தது. பாகீரதி மிக்ஸி ஜாரில் தேங்காயும் பச்சை மிளகாயும் பொட்டுக்கடலையும் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலக் கை ப்ளக்குக்குப் போனது. அவர் தடுக்கவில்லை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. அவள் கை பாதியில் நின்றது. குல்லாவுக்குள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"வந்துடுத்து."

"வந்துடுத்துன்னா? அந்த ஆளைத் தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு. ஆனா நின்னுபோயிடுத்து. சேவ் பண்ண முடியலை."

"இதைப் பிடுங்கினா?"

"போயிடும்."

"பிடுங்காம வெச்சிண்டிருந்தா?"

"வெச்சிண்டிருந்தாலும் அனுப்ப முடியாது, பாகீ. பாத்துண்டு இருக்கலாம், அவ்வளவுதான்."

பாகீரதி நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் திரையைக் குனிந்து பார்த்தாள். எந்த எண் என்று கேட்டாள். அவர் விரலால் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ப்ளக்கைத் தொடாமல், ஜாரை மட்டும் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து எதிர் ஃப்ளாட்டுக்குப் போனாள். துணி அடைத்த கதவு இழுபட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. பாகீரதி மிக்ஸியைக் கொஞ்சம் தரச் சொல்லிக் கேட்டாள். உங்கள் வீட்டு மிக்ஸிக்கு என்ன என்றாள் ஷிப்ரா பௌதி.

"ஆஜ் ப்ளக் காலி நேய்," என்றாள் பாகீரதி, தன் மன்னார்குடி பெங்காலியில். "உனி ஃபர்ஸ்ட் ஹோயேசேன்." ப்ளக் இன்றைக்குக் காலியில்லை, அவர் முதலாவதாக வந்துவிட்டார் என்று.

"ஃபர்ஸ்ட்? கிஸே?"

எதில் முதலாவது என்ற கேள்விக்குப் பாகீரதி ஒரு கணம் தயங்கினாள். வெங்கடநாராயணன் சமையலறையில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒங்கே," என்றாள். கணக்கில் என்று அர்த்தம்.

எதிர் வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. அவர் குல்லாவைக் கழற்றி ஸ்டூலின்மேல் வைத்தார். திரையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையாலேயே நெட்புக்கின் ப்ளக்கைப் பிடுங்கி, மிக்ஸியினுடையதை அந்த இடத்தில் சொருகிவிட்டு, ஜன்னலைச் சாத்தினார்.