சோளத்தோட்டத்தில் இறங்கிய பாராசூட்

என் மனைவி ஜெயந்தி பிரெஞ்சு பேசும் ஊரான லவாலில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருந்தபோது, பாராசூட்டின் கீழே இரண்டு பேர் உட்கார்ந்தபடி பறந்து போவதைக் கண்டாளாம். அன்றிலிருந்து "அதில ஒருக்கால் ஏறவேணும்" என்பதுதான் பேச்சு. 2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம்.

பறக்கும் இடம் ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர். காற்று எழும்ப முன் பறக்க வேண்டும் என்பதால் விடியற்காலையே போய்ச் சேர வேண்டும். இருபது நிமிடப் பறப்புக்கு ஆளுக்குத் தொண்ணூறு டொலர்.

விமானம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். மூன்று சில்லு வைத்த குழாய்ச் சட்டம், பின்னால் இயந்திரமும் காற்றாடியும், அதற்கும் பின்னால் புல்லில் விரித்த பாராசூட். கதவும் இல்லை, இறக்கையும் இல்லை. இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. பின்னால் இருப்பவர் சற்று உயரத்தில் உட்கார்ந்து, விமானியின் இரு பக்கமும் காலை நீட்ட வேண்டும். ஏறுவதும் இறங்குவதும் இயந்திரத்தின் வேகத்தால். திரும்புவது காலால்: வலது கம்பியை மிதித்தால் பாராசூட்டின் வலது பின்னோரம் கீழே இழுபட்டு, வண்டி வலப்பக்கம் திரும்பும். பழக வருபவர்களுக்காக அந்தக் கம்பிகளைப் பின்னிருக்கைக் காலுக்கும் எட்டும்படி நீட்டியிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். விமானி ரெயால், அறுபது வயதுக்காரர், கம்பியைக் காட்டிக் காட்டிப் பிரெஞ்சில் விளக்கியபோது, பிரெஞ்சு சரியாக வராத நான் "வீ, வீ" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, அவர் முக்கியமான விசயம் சொல்லுறார். நான் தமிழில சொல்லட்டே?" என்றாள் ஜெயந்தி.

"எனக்கு விளங்கினது. நீர் சும்மா இரும்."

முதலில் ஏறியதும் நான்தான். அவள் ஆசைப்பட்ட பயணம், ஆனால் "நான் பாத்திட்டு வாறன், பயமில்லாட்டி நீர் ஏறும்" என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லியிருந்தேன்.

மேலே போனதும் கீழே பார்த்தேன். சட்டத்தை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். காலுக்கு ஏதோ தட்டுப்பட, கால் வைக்கும் இடம் என்று நினைத்து வலக்காலால் அழுத்தமாக ஊன்றிக்கொண்டேன். வண்டி வலப்பக்கம் சரிந்து மேப்பிள் மரங்களை நோக்கித் திரும்பியது. ரெயால் கத்தினார். "லாஷ்! லாஷ்!" பிடித்துக்கொள் என்கிறார் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். விடு என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் அவர் கையால் என் முழங்காலைப் பிடித்துத் தள்ளினார். மரங்களுக்குத் தப்பினோம், ஆனால் உயரம் போய்விட்டது. பக்கத்துச் சோளத்தோட்டத்தில் இறங்கினோம். இருவருக்கும் காயமில்லை. முன்சில்லு வளைந்து, பாராசூட் கிழிந்திருந்தது.

ஜெயந்தி சோளத்துக்குள்ளால் ஓடி வந்தாள். என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரெயாலிடம் நெடுநேரம் கதைத்தாள். அவர் முகம் மெல்ல இளகியது. என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னனீர்?"

"உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம் எண்டு சொன்னன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அவள் பறக்கவில்லை. காரில் ஏறுமுன் என் சட்டையில் ஒட்டியிருந்த சோளத்தூசியைத் தட்டிவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: தடித்த சட்டை கொண்டுபோங்கள், ஆகஸ்டிலும் மேலே குளிரும். பின்னிருக்கையில் காலை எங்கே வைக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள்.

செப்டெம்பரில் வண்டியைத் திருத்திவிட்டதாக ரெயால் அழைத்தார். இம்முறை அவள் மட்டும் ஏறினாள். இறங்கியதும் ரெயாலிடம் கையை விரித்து விரித்து, சிரித்துச் சிரித்து, பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் விளங்காமல் நான் பக்கத்தில் நின்றேன். மேலே என்ன கண்டாள் என்று காரில் கேட்டேன்.

"பேந்து சொல்லுறன்" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.