பெயருக்கு ஒதுக்கிய இடம்

அறுபதுகளின் நடுவில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கப்பல்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி. அலுவலகம் ராபிள்ஸ் பிளேஸ் பக்கம். மெஷின் படிப்பதற்காகக் கார்டில் துளை போடும் பெண்களில் ஒருத்தியாக இருந்த என்னைப் புரோகிராம் எழுத உட்கார வைத்தார்கள். நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல. முதலில் எழுதிய வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் எழுதியதில் குறை சொல்லிக்கொண்டே இருந்தவள் நான்தான். வாய் உள்ளவள் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஊரிலும் உண்டு.

அந்த மெஷினுக்கு ஞாபகசக்தி கொஞ்சம்தான். ஒவ்வொரு விவரத்துக்கும் அதற்குள் அளந்து இடம் ஒதுக்க வேண்டும். பெயருக்கு இவ்வளவு, அதையடுத்துக் கண் பரிசோதனை முடிவுக்கு ஓர் எழுத்து, இப்படி. ஓர் இடம் முடிகிறது என்று நாம் குறி வைத்தால்தான் மெஷின் அங்கே நிற்கும். குறி இல்லையென்றால் கொடுத்ததையெல்லாம் எழுதிக்கொண்டே பக்கத்து இடத்துக்குள் போய்விடும். அங்கே ஏற்கெனவே என்ன இருந்தது என்று அதற்குக் கவலை கிடையாது.

வெள்ளைக்காரர் தம் ஊர்ப் பெயர்களை மனதில் வைத்து அளந்திருந்தார். சீனர்களின் பெயர்களும் அதில் தாராளமாக அடங்கின. நம்மவர்கள் பெயர் சொன்னால் சொந்தப் பெயர், ‘சன் ஆஃப்’, அப்பா பெயர் என்று கூட்ஸ் வண்டி மாதிரி நீளும். அடங்காத மிச்சத்தை இரண்டாவது கார்டில் துளையிடுவோம். அந்த மிச்சத்தைக் கொண்டுபோய் ஒட்டும் இடத்தில் அவர் எல்லைக்குறி வைக்க மறந்திருந்தார். இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

அந்த வருடம்தான் தொழிலாளர்களின் கண் பரிசோதனை முடிவுகள் முதன்முறையாக மெஷின் வழியாகப் போயின. பஃபலோ ரோட்டில் நானும் அம்மாவும் குடியிருந்த கடைவீட்டு மாடியில், அடுத்த அறையில் ஓர் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தார்கள். அண்ணன் எங்கள் கம்பெனியில் கிரேன் ஓட்டுபவர். அவருக்குக் கண் மங்கி வருகிறது, இந்த முறை கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அந்த அக்கா பயந்துகொண்டே இருந்தார். ‘தேறினார்’ என்று அச்சடித்த சீட்டு வந்தது. மறுநாளே கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து, பிரசாதத்தை முதலில் என் கையில் கொடுத்தார். மனுஷன் பார்த்திருந்தால் கழித்திருப்பான், மெஷின்தான் கண்ணைத் திறந்தது என்றார். என்னமோ நான் மெஷினிடம் சிபாரிசு செய்ததுபோல எனக்கும் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாளில் ஒரு வெல்டரின் சீட்டு திரும்பி வந்தது. கண் முடிவு இருக்கவேண்டிய இடத்தில், நாங்கள் பயன்படுத்தாத ஏதோ ஓர் எழுத்து. அவருக்கும் நீளமான பெயர். நீளப் பெயர்க்காரர்களின் கார்டுகளையெல்லாம் எடுத்து டாக்டர் தந்த முடிவுகளோடு ஒப்பிட்டேன். அப்பா பெயரின் வால் கண் முடிவின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அது அர்த்தமில்லாத எழுத்து. அண்ணனுக்கு மட்டும், தேறியவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த அதே எழுத்து. டாக்டர் அவரைத் தேறவில்லை என்றுதான் எழுதியிருந்தார்.

அப்பா பெயரை ஒரே எழுத்தாக வெட்டிவிடு என்றார் மேலாளர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெயரை வெட்டினால் இன்றைக்கு அடங்கும், நாளைக்கு வேறொன்று வழியும். எழுதுவதற்கு முன்னால் எண்ணிப் பார், இடம் போதாவிட்டால் நில் என்று மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். திருத்திய சீட்டுகளை அனுப்பவும் சம்மதித்தார்.

சீட்டு போய்ச் சேருமுன் நானே சொல்லிவிட நினைத்தேன். சாயங்காலம் தேக்கா சந்தைப் பக்கம் அண்ணனைப் பிடித்து, டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“எனக்குத் தெரியும்லா, தங்கச்சி. டாக்டர் காட்டுன போர்டுல கடைசி வரிசைங்க தெரியல. சீட்டு வந்ததும் சாமி குடுத்துச்சுன்னு வாய மூடிக்கிட்டேன்.” டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். “கிரேனுக்குக் கீழ நின்னு கொக்கி மாட்டுறவன் என் கூடப்பொறந்த தம்பி.”

தம்பி இல்லாமல் வேறொருவன் நின்றால் பரவாயில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில், சீட்டு வருவதற்குள் அவரே ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டுக் கிரேனை விட்டு இறங்கினார். ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

ஒருநாள் குழாயடியில் அக்காவே வந்து நின்றார்.

“உன்மேல கோவம் இல்லம்மா. அவருதான், வீட்டுக்கு வந்ததும் கையக்கூட கழுவாம, தம்பி ஷிப்ட் முடிஞ்சு வந்துட்டானான்னு கேக்குறாரு. தெனமும். இப்ப மேல உக்காந்து ஓட்டுறது யாருன்னு நமக்கென்ன தெரியும்?”

அன்று அலுவலகம் போனதும் அந்தப் புதுக் கிரேன்காரரின் கார்டைத் தேடி எடுத்தேன். சின்னப் பெயர்தான், எதன்மேலும் வழிய வாய்ப்பில்லை. இருந்தும் டாக்டர் எழுதியதோடு வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். சாயங்காலம் பஃபலோ ரோட்டு முனையிலேயே அண்ணனுக்காகக் காத்து நின்று, புதுக் கிரேன்காரருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன்.