வலது ஓரத்துக் கட்டைகள்

என் அக்காவுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. இளமையில் மேடை மேடையாகப் பியானோ வாசித்தவள், ஒருநாள் கச்சேரியைப் பாதியில் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "கைதட்டல் விரல்ல ஒட்டிக்குது, வாசிக்க விடமாட்டேங்குது" என்றாள். அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. முன்னறையில் தனியாக வாசித்து, தானே பதிவுசெய்து அனுப்புவாள். ஒரு நிறுவனம் வெளியிடும். ஊரெல்லாம் கேட்டு உருகும். கூடவே இருக்கிற எனக்கு மட்டும் அந்த அறைக்குள் அனுமதி கிடையாது. தங்கை என்றால் சமைக்கலாம், சண்டை போடலாம், உட்கார்ந்து கேட்கக் கூடாது! சமையலறையிலிருந்து திருட்டுத்தனமாகக் கேட்பேன். ஒரு சுரம் முழுசாக அடங்கிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். அந்த இடைவெளியில் நான் கரண்டியைக்கூட அசைக்க மாட்டேன்.

போன வருடம் பியானோவின் வலது ஓரத்துக் கட்டைகள், அந்த உச்ச சுரங்கள், மந்தமாகிவிட்டன என்று அக்கா புகார் சொன்னாள். சுருதி சேர்ப்பவரைக் கூப்பிட்டாள். கம்பியை அடிக்கும் சின்னச் சுத்தியல்களின் கம்பளியை அவர் இறுக்கிக் கொடுத்தார். போதவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அதற்கப்புறமும் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் கூர்மையாகிக்கொண்டே போய், தட்டைக் கரண்டியால் கீறுகிற மாதிரி எனக்குப் பல் கூசியது. அவளோ, "இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்றாள்.

சுருதி சேர்ப்பவரைப் படியில் வழிமறித்தேன். "கோளாறு பியானோல இல்லையே?"

பையைக் கை மாற்றிப் பிடித்தார். "காதுலங்க. சொல்லிடணும்னுதான் வர்றேன். அவங்க முகத்தைப் பார்த்தா நாக்கு எழமாட்டேங்குது. நீங்க சொல்லுங்களேன்."

"நல்லா இருக்கே! என்னை மாட்டிவிடுறீங்களா?"

நானும் சொல்லவில்லை. பயம். இந்த வாசிப்பையும் பிடுங்கிவிட்டால் அவளிடம் என்ன மிச்சம்? சாப்பிடும்போது அவள் என் வாயையே பார்ப்பதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

நேற்று காலை அவளே கூப்பிட்டாள். "உள்ளே வா. உட்காரு."

வலது கோடிக் கட்டையை அழுத்தினாள். கண் என் முகத்தில். என்னையறியாமல் முகம் சுளித்துவிட்டேன்.

"கேக்குதா?"

"குத்துது, அக்கா."

"எனக்கு மரம் தட்டுற சத்தம்தான். எந்தக் கட்டைலேருந்து எனக்குக் காது இருக்குன்னு பார்த்துடலாம்."

ஒவ்வொன்றாக இடப்பக்கம் இறங்கினாள். அழுத்துவாள், என்னைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன், உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போவாள். போதும், நின்றுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். விரல் நிற்கவே இல்லை. நான் பயந்ததைவிட எவ்வளவோ கீழே, நடுவை நெருங்கிய பிறகுதான் நின்றது.

"இது இருக்கு" என்றாள்.

அந்தக் கட்டையை விடாமல், மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்த இடத்தை நல்லா பார்த்து வச்சுக்கோ. நாளைக்கு இதுவும் போயிடும். போனாலும் கேக்குதுன்னுதான் சொல்லுவேன். நீ என்னை நம்பாதே."